கட்டை விரல் முன்கையைத் தொடுதா? 'ரப்பர் உடம்பு'னு விட்டுடாதீங்க... மூட்டு அதிக நெகிழ்வும் காயம் தவிர்க்கும் வழிகளும்

கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொடுவது, முழங்கையைப் பின்பக்கமாக வளைப்பது என வித்தை காட்டி கைத்தட்டல் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்போம். "உடம்பு ரப்பர் மாதிரி இருக்கு" என்று வீட்டிலும் பெருமைப்படுவார்கள். அதே பிள்ளைக்கு அடிக்கடி கணுக்கால் பிசகினாலோ, ஓடி விளையாடிய அன்று ராத்திரி கால் வலினு அழுதாலோ, கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஏன் இப்படி வளைகிறது?

எலும்புகளை மூட்டில் இழுத்துப் பிடித்திருப்பவை லிகமென்ட் எனப்படும் தசைநார்கள். இவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் அமைப்பு சிலருக்குப் பிறவியிலேயே சற்று தளர்வாக இருக்கும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. குழந்தைகளிடமும் பெண்களிடமும் அதிகம். வயது ஏற ஏற குறையும். பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வலி, மூட்டு விலகல் என்று தொடங்கினால்தான் சிக்கல்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவர்கள் 'பெய்ட்டன் ஸ்கோர்' முறையைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 9 மதிப்பெண்.

* சுண்டு விரல் பின்னால் 90 டிகிரிக்கு மேல் வளைந்தால் - கைக்கு 1
* கட்டை விரல் முன்கையைத் தொட்டால் - கைக்கு 1
* முழங்கை 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைந்தால் - கைக்கு 1
* முழங்கால் அதேபோல் வளைந்தால் - காலுக்கு 1
* முட்டியை மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுசா தரையில் பதிந்தால் - 1

பருவமடைந்தவர்கள் முதல் 50 வயது வரை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக நெகிழ்வு எனக் கருதப்படும். பருவமடையாத பிள்ளைகளுக்கு இந்த அளவு 6. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 4.

காயம் ஏன் எளிதில் வருது?

தளர்ந்த மூட்டை நிலையாக வைக்க தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. அதனால் சீக்கிரம் களைப்பு வரும். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குப் போகும் தகவலும் சிலருக்குத் துல்லியமாக இருப்பதில்லை. அதனால்தான் சமதரையில் நடக்கும்போதே கால் பிசகுது.

என்ன செய்யலாம்?

* வளைத்துக் காட்டும் வித்தையை நிறுத்துங்க. சொடக்கு எடுக்கும் பழக்கமும் வேண்டாம்.
* நிற்கும்போது முட்டியைப் பின்னால் தள்ளி 'லாக்' செய்யாமல், லேசாகத் தளர்த்தி நில்லுங்க.
* மேலும் மேலும் இழுத்து நீட்டுவதை விட தசையை வலுவாக்கும் பயிற்சிதான் முக்கியம். பிசியோதெரபிஸ்ட் சொல்லும்படி மெதுவாகக் கூட்டுங்க.
* ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சி உதவும். சுவர் பக்கத்தில் நின்று செய்யுங்க.
* யோகா, பரதநாட்டியம், ஜிம்னாஸ்டிக்ஸ் கற்பவர்கள் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்க. உடம்பு எவ்வளவு வளைந்தாலும் கடைசி எல்லை வரை போக வேண்டாம்.
* வலிக்குதுனு வாரக்கணக்கில் படுத்தே இருந்தால் தசை இன்னும் பலவீனமாகும்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

தோள்பட்டையோ முட்டிச் சில்லோ விலகினால், மூட்டு வீங்கினால், வலி நீடித்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்க. அடிக்கடி மயக்கம், படபடப்பு, எளிதில் கிழியும் தோல், கண் லென்ஸ் பிரச்சினை, குடும்பத்தில் இளவயதில் ரத்தக்குழாய் வெடித்து மரணம் போன்றவை இருந்தால் தாமதிக்கவே கூடாது. மார்ஃபன், ஏலர்ஸ்-டான்லோஸ் போன்ற பாதிப்புகளில் மூட்டுத் தளர்வோடு இதயம், ரத்தக்குழாய்களும் பாதிக்கப்படலாம்.