மோட்டார் விளக்கும் உருகியும்

மோட்டார் வண்டி தெருவுக்கு வந்த முதற் காலத்தில் அதன் விளக்கு மின்சாரத்தை அறியாது. கல்சியம் காபைட்டின்மீது நீர் சொட்டுச் சொட்டாக விழ, அதினின்றெழும் அசற்றலீன் வாயு குழாய் வழியே விளக்கை அடையும். சாரதி இறங்கிச் சென்று தீக்குச்சியால் அதனை ஏற்றுவான். அமெரிக்காவிலே, 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டியில்தான், சாள்ஸ் கெற்றறிங் வகுத்த முறைப்படி, எஞ்சினை இயக்கவும் விளக்கெரிக்கவும் மின்சாரம் ஒருங்கே அமைந்தது.

உருகியோ அதனினும் மூத்தது. மின்விளக்குக்குப் பேர்பெற்ற எடிசன் 1890இல் உருகிக்கும் காப்புரிமை பெற்றார். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயுங்கால் தான் உருகி அறுந்து சுற்றை முறித்துவிடுவதே அதன் தொழில். அது காப்பது விளக்கையன்று, கம்பியையே. இதனைப் பலர் இன்றும் மாறாக விளங்கிக்கொள்கின்றனர்.

வீட்டில் மின்சாரம் ஒரு கம்பியால் வந்து மறு கம்பியால் மீளும். மோட்டார் வண்டியில் போகும் கம்பி ஒன்றே; மீளும் வழி வண்டியின் இரும்புடல். இதனாற் செம்பு மிச்சமாயிற்று, ஆபத்தும் பெருகிற்று. பழைய வண்டிகளிற் கம்பிக்கு உறை இரப்பரும் பருத்தி நூலுமாம். எஞ்சினின் வெப்பத்தால் இரப்பர் இறுகி வெடிக்கும். ஓட்டத்தின் அதிர்ச்சியாற் கம்பி தகட்டுத் துளையின் விளிம்பில் உராயும். செம்பு இரும்பைத் தொட்ட கணமே மின்சாரம் விளக்கை நாடாது குறுக்கு வழியிற் திரும்பும். குறுஞ்சுற்று என்பது இதுவே.

இங்கேதான் வண்டி அமைத்தோர் ஓர் இக்கட்டில் அகப்பட்டனர். உருகி இல்லையேற் கம்பி பழுத்துத் தீ மூளலாம். உருகி இருந்தாலோ, இரவில், வேகமாகச் செல்லும் வண்டியின் முன்விளக்கு இரண்டும் ஒருசேர அணைந்துவிடலாம். 1948இல் வெளிவந்து இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனரை நோக்குக: ஊதுகுழல் முதலியவற்றுக்கு உருகி உண்டு, முன்விளக்குக்கு இல்லை. திடீர் இருளே தீயினும் கொடிதென ஆங்கிலேயப் பொறியியலாளர் கருதினர் போலும். அமெரிக்கர் வேறு வழி கண்டனர். இரு உலோகங்களை ஒட்டிய தகடொன்றை ஆளியிற் பொருத்தினர். அது சூடேறி வளைந்து சுற்றை முறிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். சாரதி ஓரங்கட்டி நிறுத்த அவகாசம் கிடைக்கும். இவ்விரண்டினுள் அமெரிக்கர் வழியே மேலானது. பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு முன்விளக்குக்கும் தனி உருகி வைக்கப்பட்டது. ஒன்று அணைந்தாலும் மற்றது வழிகாட்டும்.

இத்தனை சிந்தனையையும் ஒரு சிகரெற்றுப் பெட்டித் தாள் பாழாக்கிவிடும். எரிந்த உருகிமேல் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவோர் எந்நாட்டிலும் இருந்தனர். விளக்கு எரியும், அடுத்த முறை உருகவேண்டியது கம்பியே.

பழைய தொழிலாளர் கையாண்ட முறை எளிது. உருகியைக் கழற்றி அவ்விடத்தில் ஒரு சோதனைக் குமிழை இணைப்பர். அச்சுற்றின் விளக்குகளையெல்லாம் அகற்றியபின்னும் குமிழ் பிரகாசித்தாற் குறுஞ்சுற்று உண்டென்பது உறுதி. பின்னர்க் கம்பியைக் கையால் அசைத்தபடி வழிநெடுகத் தேடுவர். எவ்விடத்தை அசைக்கக் குமிழ் மங்குகிறதோ அவ்விடத்திலே பழுது இருக்கும். பெரும்பாலும் அது தகட்டுத் துளையின் ஓரமே. கம்பிக்கு நாடா சுற்றி, துளைக்கு இரப்பர் வளையமிட்டு, அதன் பின்னரே புதிய உருகியைப் பொருத்துவர்.