சரிவின் தேதி: 'தி சிம்ப்சன்ஸ்' தொடர் குறித்த ரசிகர் விவாதங்களை முன்வைத்து

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17 அன்று தொடங்கிய அனிமேஷன் நகைச்சுவைத் தொடர் 'தி சிம்ப்சன்ஸ்' இன்றும் புதிய அத்தியாயங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. 2018 ஏப்ரலில் 636ஆம் அத்தியாயத்தை எட்டியபோது, 'கன்ஸ்மோக்' என்ற பழைய கௌபாய் தொடரின் எண்ணிக்கையை அது தாண்டியது. இதன் நெடுநாள் ரசிகர்கள் இரண்டு செய்திகளில் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள்: தொடருக்கு ஒரு பொற்காலம் இருந்தது, அது முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது என்று கேட்டால்தான் ஒற்றுமை குலைகிறது.

1997 செப்டம்பரில் பள்ளி முதல்வர் ஸ்கின்னரை ஆள்மாறாட்டக்காரர் என்று காட்டிய அன்றே எல்லாம் முடிந்தது என்பார் ஒருவர். 1998 மே மாதம் குரல் கலைஞர் ஃபில் ஹார்ட்மன் கொல்லப்பட்டதும் அவர் குரலில் வாழ்ந்த டிராய் மெக்லூர், லயனல் ஹட்ஸ் என்ற பாத்திரங்கள் மறைந்ததுமே எல்லைக்கோடு என்பார் வேறொருவர். 2000 பிப்ரவரியை, அதாவது சிம்ப்சன் குடும்பத்தின் அண்டை வீட்டுப் பெண் மாட் ஃபிளாண்டர்ஸ் இறந்த மாதத்தை, சுட்டுவோரும் உண்டு. 2004இல் இத்தொடரைப் பற்றி விரிவான நூல் எழுதிய கிறிஸ் டர்னர், பொற்காலத்தை 1992இன் தொடக்கத்திலிருந்து 1997இன் நடுப்பகுதி வரை என்று வரையறுத்தார்.

இந்தத் தேதிகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு ரசனை வேறுபாடு மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு தேதியும் வேறொன்றின் முடிவைக் குறிக்கிறது. ஒருவர் பாத்திரங்களின் கடந்தகாலம் குலைந்ததை எண்ணுகிறார். இன்னொருவர் எழுத்தாளர் குழு கலைந்ததை. மற்றொருவர் குடும்பத் தலைவன் ஹோமர் சிம்ப்சனின் செயல்களுக்குப் பின்விளைவு இல்லாமல் போனதை. இவற்றுள் மூன்றாவது மட்டுமே சரிவை உண்மையில் விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பார்வையாளர் எண்ணிக்கையும் பழைய நினைவும்

முதலில் இரண்டு எளிய விளக்கங்களைக் களைய வேண்டும். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததையே சரிவு என்று கொள்வது முதலாவது. தொடரின் வரலாற்றிலேயே மிகப் பெருங்கூட்டத்தை ஈர்த்தது 1990 அக்டோபரில் ஒளிபரப்பான 'பார்ட் கெட்ஸ் அன் எஃப்'. அமெரிக்காவில் அதை 3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அது சீசன் 2இன் தொடக்கம். ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் சீசன் 4, 5 அத்தியாயங்கள் எதுவும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. பார்வையாளர் கணக்கை அளவுகோலாகக் கொண்டால், பொற்காலம் தொடங்குமுன்பே சரிவு தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது விளக்கம் நயமானது: சிறுவயதில் பார்த்தது இனிக்கும், வளர்ந்தபின் பார்ப்பது கசக்கும், ஆகவே சரிந்தது தொடரன்று, பார்ப்பவரின் இளமை. இதற்கு ஆதரவாக ஒரு வலுவான சான்று உண்டு. இன்று செவ்வியல் என்று போற்றப்படும் அத்தியாயங்கள் முதன்முதலில் வந்த 1990களின் தொடக்கத்திலேயே, அவற்றை மட்டம் என்று இணையக் குழுக்களில் எழுதிய ரசிகர்கள் இருந்தார்கள். தொடரின் எழுத்தாளர்கள் அவற்றைப் படித்தார்கள். படித்ததைக் கதையாக்கவும் செய்தார்கள். 1997 பிப்ரவரி 9 அன்று ஒளிபரப்பான 'தி இட்ச்சி அண்ட் ஸ்க்ராச்சி அண்ட் பூச்சி ஷோ'வில், காமிக்ஸ் கடைக்காரர் ஒரு கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, இதைப்போல மோசமான அத்தியாயம் வந்ததே இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறார். இத்தனை ஆண்டு இலவசமாகச் சிரிக்க வைத்தவர்கள் உங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஹோமரின் மகன், சிறுவன் பார்ட், அவரை மடக்குகிறான்.

ஆயினும் இச்சான்று இருபுறமும் வெட்டுகிறது. அந்த அத்தியாயத்தின் கதை என்ன? நீண்ட நாள் ஓடிக் களைத்த ஒரு கார்ட்டூனுக்கு உயிரூட்ட, தொலைக்காட்சி நிர்வாகம் பூச்சி என்ற நாயை வலிந்து நுழைக்கிறது, அது தோற்கிறது. அனிமேஷன் தொடர்களில் 'தி ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' வைத்திருந்த 166 அத்தியாயச் சாதனையை 'தி சிம்ப்சன்ஸ்' தாண்டியது இந்த அத்தியாயத்தில்தான். சாதனை நாளில் படைப்பாளிகளே தங்கள் களைப்பைக் கதைப்பொருளாக்கினார்கள். பழைய நினைவின் மயக்கம் என்று ரசிகரை ஒதுக்கிவிடலாம். அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே ஐயம் அதே நாளில் இருந்ததை ஒதுக்குவது கடினம்.

ஸ்கின்னர் விவகாரம்

விவாதத்தில் மிகுதியும் அடிபடும் அத்தியாயம் 1997 செப்டம்பர் 28 அன்று வந்த 'தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர்'. எட்டு சீசன்களாக முதல்வர் சீமோர் ஸ்கின்னர் என்று நாம் அறிந்தவர் உண்மையில் ஆர்மின் டம்சேரியன் என்னும் அநாதை. வியட்நாம் போரில் இறந்ததாகக் கருதப்பட்ட படை அதிகாரியின் பெயரையும் தாயையும் வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டவர். உண்மையான ஸ்கின்னர் திரும்பி வருகிறார். ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். இனி இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது, மீறினால் சித்திரவதை என்று நீதிபதி ஸ்னைடர் ஆணையிடுகிறார்.

ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரரே இக்கதையை வெளிப்படையாகக் கண்டித்தார். பார்வையாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு பாத்திரத்தின்மீது வைத்த நம்பிக்கையைக் காரணமின்றித் தூக்கி எறிந்தார்கள் என்பது அவர் குறை. எழுதிய கென் கீலரோ, இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் மக்களைப் பற்றிய கதை இது என்றார். ரயில் ஏற்றிவிடும் அந்த ஊர் மக்கள் ரசிகர்களே என்பது உட்பொருள். இவ்வகையில் அத்தியாயம் திறமையானது. தனக்கு வரப்போகும் எதிர்ப்பை முன்னதாகவே கதைக்குள் எழுதிவைத்திருக்கிறது.

ஆனால் கடந்தகாலம் குலைந்ததே சரிவு என்றால், அது 1997க்காகக் காத்திருக்கவில்லை. இத்தொடரில் யாருக்கும் வயது ஏறுவதில்லை. பார்ட் என்றும் பத்து வயதுப் பையன். 1991இல் வந்த 'தி வே வீ வாஸ்', ஹோமரும் அவன் மனைவி மார்ஜும் 1974இல் பள்ளியில் சந்தித்ததாகச் சொன்னது. பையனின் வயது நகராமல் நாட்காட்டி மட்டும் நகர்ந்தால் அந்த 1974 நிலைக்காது. 2008இல் 'தட் நைன்டீஸ் ஷோ' அவர்களின் காதல் காலத்தை 1990களுக்கு இழுத்துவந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். கணக்குப் பார்த்தால் வேறு வழியே இல்லை. வயதேறாத உலகம் என்ற அடிப்படையை ஏற்ற அன்றே, பாத்திரங்களின் கடந்தகாலம் மாறிக்கொண்டேயிருக்கும் என்பதையும் ஏற்றாயிற்று. ஸ்கின்னர் கதை அந்த விதியின் முரட்டுத்தனமான வெளிப்பாடு, புதிய விதியன்று.

ஆள் மாற்றம் என்னும் விளக்கம்

இரண்டாம் தரப்பினர் பொறுப்பாளர்களின் பட்டியலைக் காட்டுவார்கள். மேட் க்ரேனிங், ஜேம்ஸ் எல். புரூக்ஸ், சாம் சைமன் மூவரும் தொடக்கத்தில் நடத்திய தொடரை, சீசன் 3, 4இல் அல் ஜீனும் மைக் ரீஸும், 5, 6இல் டேவிட் மிர்கினும், 7, 8இல் பில் ஓக்லியும் ஜாஷ் வைன்ஸ்டீனும், 9 முதல் 12 வரை மைக் ஸ்கல்லியும் நடத்தினார்கள். ஸ்கல்லி வந்தார், தொடர் சரிந்தது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. கோனன் ஓ'பிரையன் 1993இல் இரவு நேர நிகழ்ச்சிக்குப் போனதும், கிரெக் டேனியல்ஸ் 'கிங் ஆஃப் தி ஹில்' தொடருக்கும் கென் கீலர் போன்றோர் 'ஃப்யூச்சராமா'வுக்கும் நகர்ந்ததும் இதற்குத் துணைச் சான்றாகும்.

இந்த விளக்கம் மூன்று இடங்களில் உடைகிறது. ஒன்று, ஸ்கின்னர் அத்தியாயம் ஒளிபரப்பானது சீசன் 9இல் என்றாலும், தயாரிக்கப்பட்டது சீசன் 8இல், ஓக்லி, வைன்ஸ்டீன் பொறுப்பில். ஸ்கல்லியின் தலையில் கட்டப்படும் முதல் குற்றம் அவருடையதே இல்லை. இரண்டு, சீசன் 13இல் பொறுப்பேற்றவர் பொற்காலத்தின் இரு சீசன்களை நடத்திய அதே அல் ஜீன். ஆள் திரும்பினார்; பொற்காலம் திரும்பவில்லை. மூன்று, 59 அத்தியாயங்கள் எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் இருகாலத்துக்கும் பொதுவானவர். அதே கை எழுதியும் விளைவு மாறியதென்றால், காரணத்தைக் கைக்கு அப்பால் தேட வேண்டும்.

இரண்டு சாவுகள்

எஞ்சுவது மூன்றாவது விளக்கம்: ஹோமரின் செயல்களுக்குப் பின்விளைவு இல்லாமல் போனது. ஹோமர் எப்போதுமே மடையன்தான், சோம்பேறிதான். பழைய அத்தியாயங்களில் அந்த மடத்தனம் யார்மீதோ சுமையாக இறங்கியது. அந்தச் சுமையை அவனும் உணர்ந்தான். 1995 ஜனவரியில் வந்த 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ'யில், வெறுத்த அணு உலை வேலையை உதறிவிட்டு, ஆசைப்பட்ட பௌலிங் கூட வேலையில் சேர்கிறான். மூன்றாவது குழந்தை வருகிறது, சம்பளம் போதாது, மண்டியிட்டுப் பழைய வேலைக்கே திரும்புகிறான். இங்கிருந்து நீ தப்பவே முடியாது என்று நினைவூட்டும் பலகையை முதலாளி அவன் கண்முன் மாட்டுகிறார். ஹோமர் அதன் எழுத்துகளைக் குழந்தையின் படங்களால் மறைத்து, அவளுக்காக இதைச் செய் என்று பொருள்படுமாறு மாற்றிவிடுகிறான்.

கதை நம்ப முடியாததாக இருந்தால் சரிவு என்பது தவறான அளவுகோல் என்பதற்கு 1994இன் 'டீப் ஸ்பேஸ் ஹோமர்' சான்று. ஹோமரை விண்வெளிக்கு அனுப்புவதா என்று க்ரேனிங்கே தயங்கினார். இருந்தும் அத்தியாயம் நிற்கிறது. அவன் விண்வெளிக்குப் போவது, வேலையிடத்து விருதை ஓர் உயிரற்ற கார்பன் கோலிடம் இழந்து, வீட்டிலும் மதிப்பில்லை என்று மனம் புண்பட்டதால். கதை எவ்வளவு பறந்தாலும் அதன் வேர் ஒரு தகப்பனின் அவமானத்தில் இருந்தது.

இப்போது இரண்டு சாவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1995 ஏப்ரலில் 'ரவுண்ட் ஸ்பிரிங்ஃபீல்ட்' அத்தியாயத்தில் ஹோமரின் மகள் லிசாவின் இசை வழிகாட்டியான பிளீடிங் கம்ஸ் மர்ஃபி இறக்கிறார். சிறுமிக்குத் துக்கத்தை வைக்க இடமில்லை. பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் எதுவும் பொருந்தவில்லை. நகைச்சுவை அவளைச் சுற்றி நிகழ்கிறது. அவள் துயரத்தின்மேல் நிகழவில்லை. 2000 பிப்ரவரி 13 அன்று வந்த 'அலோன் அகெய்ன், நேச்சுரா-டிட்லி'யில், பந்தயத் திடலில் டி-ஷர்ட் பீரங்கியைத் தன் பக்கம் திருப்பச் சொன்ன ஹோமர், கடைசி நொடியில் கீழே குனிகிறான். பின்னால் நின்ற மாட் ஃபிளாண்டர்ஸ் அடிபட்டு விழுந்து இறக்கிறாள். குரல் கலைஞர் மேகி ராஸ்வெல் ஊதியத் தகராறில் விலகியதே இச்சாவுக்குப் புறக்காரணம் என்பது தெரிந்ததே. ஆனால் சரிவுக்கான சான்று அதில் இல்லை. தன் பங்கை ஹோமர் வரிசையாக ஒப்புக்கொள்கிறான். ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தியதையும் சேர்த்து. அந்த ஒப்புதலே நகைச்சுவைத் துணுக்காக முடிகிறது. அண்டை வீட்டானின் மனைவியைக் கொன்றவன் என்ற எடை அவன்மீது இறங்கவே இல்லை. இதற்குச் சில வாரங்கள் முன்பு, 1999 டிசம்பரில், 'டைம்' இதழ் இத்தொடரை நூற்றாண்டின் சிறந்த தொலைக்காட்சித் தொடராக அறிவித்திருந்தது என்பது புகழும் தரமும் ஒரே நாட்காட்டியில் நடப்பதில்லை என்பதற்குச் சான்று.

இந்த மாற்றத்தை முன்கூட்டியே கண்டறிந்ததும் தொடர்தான். 1997 மே மாதத்தின் 'ஹோமர்ஸ் எனிமி', ஸ்வார்ட்ஸ்வெல்டர் எழுதியது. வாழ்நாள் முழுதும் உழைத்தும் இரண்டு பௌலிங் கூடங்களுக்கு நடுவே குடியிருக்கும் ஃபிராங்க் கிரைம்ஸ், எதையும் உழைக்காமல் பெற்ற ஹோமரைக் கண்டு பித்தாகி, மின்கம்பியைத் தொட்டு மாள்கிறார். அவர் அடக்கத்தின்போது ஹோமர் தூங்கிவழிகிறான், ஊரே சிரிக்கிறது. பின்விளைவு இல்லாத மனிதனோடு வாழ்ந்தால் இயல்பான ஒருவனுக்கு என்ன நேரும் என்ற சோதனை அது. அந்த ஒரு முறை அது கசப்பான விமர்சனமாக நின்றது. பின்னர் அதுவே தொடரின் அன்றாட நடைமுறையாயிற்று.

பழைய அத்தியாயங்களின் நிழல்

இம்மாற்றம் இவ்வளவு துலக்கமாகத் தெரிவதற்கு ஒளிபரப்பு முறையும் காரணம். 1994 முதல் பழைய அத்தியாயங்கள் உள்ளூர் நிலையங்களில் நாள்தோறும் மறுஒளிபரப்பாயின. 2001 முதல் டிவிடி தொகுப்புகளும், 2019 முதல் டிஸ்னி பிளஸ் தளமும் வந்தன. மாலையில் பழைய ஹோமர், ஞாயிறு இரவில் புதிய ஹோமர் என்று இருவரையும் ஒரே வாரத்தில் பார்க்க முடிந்தது. முந்தைய தலைமுறைத் தொடர்களின் ரசிகர்கள் பெரும்பாலும் நினைவை நம்பியே ஒப்பிட்டார்கள். இவர்கள் ஆவணத்தை வைத்து ஒப்பிட்டார்கள். ஆகவே இவ்விவாதம் வெறும் ஏக்கப் புலம்பலாகத் தேங்காமல், ஒருவகைப் பாட ஒப்பீட்டு ஆய்வாகவே வளர்ந்தது.

முடிவுரை

ஒரு விளக்கம் சரிதானா என்பதை அறிய, அது மீட்சியையும் விளக்குகிறதா என்று பார்க்கலாம். 2021இல் தொடங்கிய சீசன் 33 முதல் மேட் செல்மன் முதன்மைப் பொறுப்பாளரானார். 2022இல் வந்த 'பிக்சலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட்' பல பழைய ரசிகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பனிக்காட்டில் உடுதுணியின்றிச் சிக்கிய ஹோமரும் மார்ஜும் பிழைக்கப் போராடுவதும், சலித்துப்போன தாம்பத்தியம் அங்கே உயிர்பெறுவதுமே கதை. எழுதியவர் ஜான் ஃபிரிங்க். அவரும் செல்மனும் பழிக்கப்பட்ட ஸ்கல்லி காலத்திலேயே தொடரில் எழுதத் தொடங்கியவர்கள். பொற்காலத்து ஆட்கள் திரும்பவில்லை. பாத்திரங்களுக்கு நிலையான கடந்தகாலமும் திரும்பவில்லை. திரும்பியது ஒன்றே: ஹோமர் செய்வது இன்னொருவரைப் பாதிக்கிறது, அந்தப் பாதிப்பு அவனைத் தொடுகிறது.

எனவே சரிவுக்கு ஒரு தேதி குறிப்பது பிழை. 1997இல் ஓர் ஐயமாக எழுந்து, 2000இல் வழக்கமாகிப்போன படிப்படியான இழப்பு அது. மீட்க இயலாத இழப்புமன்று. ரசிகர்கள் ஒருவர் தேதியை மற்றவர் மறுப்பதை விட்டுவிட்டு, தம் தேதியில் எது முடிந்தது என்று சொல்லத் தொடங்கினால், அவ்விவாதம் திறனாய்வுக்கு வேண்டிய தரவாகிவிடும். அந்தத் தரவு நெடுந்தொடர்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பாடத்தைத் தருகிறது. வயதேறாத பாத்திரத்துக்கு வரலாறு இல்லாமல் போகலாம்; தன் செயலுக்கு ஆளாகும் நெஞ்சு இல்லாமல் போனால் அதற்கு நகைச்சுவையும் நிலைக்காது.