சமரசம் வந்த வழி

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது அதுதான். வழக்கென்று வந்து நிற்கும் இரு தரப்பையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசுவார்கள். இவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், அவர் கொஞ்சம் இறங்கி வருவார், கடைசியில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். தேர்தல் காலத்திலோ இதே சொல் வசவாகிவிடும். 'கொள்கையில் சமரசம் செய்துகொண்டார்' என்றால் விலைபோனார் என்று அர்த்தம்.

தாந்திரிகர்கள் கையாண்ட சமரசத்தில் விட்டுக்கொடுப்பதற்கும் வேலையில்லை, விலைபோவதற்கும் இடமில்லை. சிவமும் சக்தியும் இரண்டென்ற நினைவே அற்றுக் கலந்து நிற்கும் நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

சமம், ரசம் என்ற இரண்டு வடசொற்களின் சேர்க்கை இது. ரசம் என்றால் சாறு, சுவை, வைத்தியர்களுக்குப் பாதரசம். கலந்தபின் எந்தப் பக்கம் சுவைத்தாலும் ஒரே சுவை என்பதே சமரசம். 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை, சமாதியை விளக்கும்போது முதலில் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிறது; அடுத்து இந்தச் சொல்லைக் கொண்டுவருகிறது. கோரக்கநாதர் பெயரில் வழங்கும் சித்த சித்தாந்த பத்ததியோ உடலும் பரமும் சமரசமாவதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. பௌத்த தாந்திரிகர்களிடமும் இந்தச் சொல் புழங்கியது.

ரசவாதிகள் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். பாதரசம் சிவனுடைய விந்து, கந்தகம் தேவியின் நாதம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டையும் கல்வத்தில் இட்டு அரைத்தால் முதலில் பாதரசம் பிடிகொடுக்காமல் உருண்டு உருண்டு ஓடும். அரைக்க அரைக்க மணிமணியாகச் சிதறும். கந்தகத்தின் மஞ்சள் பழுப்பாகிக் கறுக்கும். பளபளப்பு ஒரு பொட்டுக்கூடத் தெரியாமல் மைபோன்ற பொடியானால்தான் பதம். கஜ்ஜளி என்பது அதன் பெயர். அதில் வெள்ளியும் கிடையாது, மஞ்சளும் கிடையாது.

சொல்லின் முழு வீச்சையும் பார்க்க, தேவியை வழிபடும் ஸ்ரீவித்யை மரபுக்குப் போக வேண்டும். சௌந்தர்யலஹரியின் 34-ஆம் சுலோகம் சிவனையும் தேவியையும் உடலும் உயிருமாக வைத்து, யார் முதன்மை, யார் சார்பு என்ற கேள்வியையே தள்ளிவிட்டு, இருவரையும் சமரசமான பேரானந்தம் என்கிறது. லலிதா சஹஸ்ரநாமத்தில் 'சாமரஸ்ய பராயணா' என்றே ஒரு நாமம் உண்டு. அதன் 999-ஆம் நாமம் சிவசக்தி ஐக்கிய ரூபிணி. அதற்கப்பால் லலிதாம்பிகா என்ற ஒன்றுதான் பாக்கி. சௌந்தர்யலஹரிக்கு உரை எழுதிய லக்ஷ்மீதரர் ஒருபடி மேலே போய், இருவருக்கும் ஐந்து வகைச் சமத்துவத்தைச் சொன்னார்: இருக்கும் இடம், செய்யும் தொழில், நிலை, பெயர், உருவம். புருஷனுக்கு அடங்கிய பெண்டாட்டி என்ற படத்துக்கு அங்கே இடமே இல்லை.

இந்தக் கலப்பை உபாசகர் எப்படிப் பாவிக்கிறார்? தன் உடம்பையே களமாக்கிக்கொள்கிறார். மூலாதாரத்தில் நான்கு இதழ். அங்கிருந்து மேலேறினால் ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, புருவ மத்தியில் இரண்டு. ஆக 50 இதழ்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. சுருண்டு கிடக்கும் சக்தி எழுந்து ஒவ்வொரு தாமரையாக ஊடுருவி, உச்சியில் ஆயிரம் இதழில் நாயகனைச் சேர்கிறாள். அமுதம் பெருகி நாடிகள் அனைத்தும் நனைகின்றன. பிறகு வந்த வழியே இறங்கி மூலாதாரத்துக்குத் திரும்பிவிடுகிறாள். இந்தத் திரும்புதலைப் பலர் விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். ஏறுவதும் கலப்பதும் இறங்குவதும் சேர்ந்ததே சாதனை.

வெளியே வைத்து வணங்க ஸ்ரீசக்கரம். மேல்நோக்கிய முக்கோணம் நான்கும் சிவன், கீழ்நோக்கிய ஐந்தும் சக்தி. ஒன்பதும் வெட்டிக்கொள்ளும்போது 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. இரண்டு கோடு சந்தித்தால் சந்தி, மூன்று சந்தித்தால் மர்மம். வரைந்து பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். மூன்றாவது கோடு மயிரிழை தப்பினாலும் மர்மம் இருக்கவேண்டிய இடத்தில் குறளியாக ஒரு சின்ன முக்கோணம் முளைத்துவிடும். அழித்துவிட்டு வேறோர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நடுவிலுள்ள பிந்துவுக்கோ கோணமே கிடையாது. அதுதான் காமேசுவரனும் காமேசுவரியும் இருக்குமிடம். சக்கரத்தின் பகுதிகளை உடம்பின் பகுதிகளாகவே காணச் சொல்கிறது பாவனோபநிஷத்து. அதற்கும் சஹஸ்ரநாமத்துக்கும் உரை செய்த பாஸ்கரராயர் கடைசிக் காலத்தில் காவிரிக் கரையில் வாழ்ந்தார். தஞ்சைச் சீமையில் பாஸ்கரராஜபுரம் அவர் பெயரைத் தாங்கிய ஊர்.

இந்தச் சமரசத்தைத் தமிழ்ச் சைவம் அப்படியே விழுங்கிவிடவில்லை. உயிர் சிவத்தோடு கலந்து ஒன்றாகவே ஆகிவிடும் என்றால் முக்தியின் இன்பத்தை அனுபவிப்பது யார் என்று சித்தாந்திகள் மடக்கினார்கள். 1313-இல் உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணம் எழுதியபோது, மறுத்து ஒதுக்கிய கட்சிகளில் ஐக்கியவாதமும் ஒன்று. அவரே திருவருட்பயனில் வேறோர் உவமை காட்டினார்: தாள், தலை என்ற இரு சொற்கள் புணர்ந்தால் தாடலை. ளகரமும் போயிற்று, தகரமும் போயிற்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு டகரம் வந்து நிற்கிறது. சொல்லும்போது ஒன்று, பொருள் கொள்ளும்போது இரண்டு. கடவுளோடு கூடுவதற்குப் புணர்ச்சி இலக்கணத்தைச் சாட்சிக்கு அழைத்த இந்த நறுக்கு எனக்கு உப்புக் கரைசலைவிடப் பிடிக்கும்.

இவ்வளவு வாதத்துக்கும் பிறகு, 18-ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் இந்தச் சொல்லை எடுத்து வேறோரிடத்தில் நட்டார். 'சித்தர்கணம்' பகுதியில் பாட்டுக்குப் பாட்டு, வேதாந்தத்துக்கும் சித்தாந்தத்துக்கும் சமரசம் கண்ட சித்தர்களை விளிக்கிறார். சிவசக்தியர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு தத்துவக் கட்சிகள். ஆனாலும் சமரசம் கண்டவர்கள் சித்தர்கள் என்பதால் பழைய வாசனை இன்னும் விடவில்லை. அடுத்த நூற்றாண்டில் வள்ளலார் அதை எல்லா உயிர்களுக்கும் விரித்தார். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று தொடங்கியதை, 1872-இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். 'வேத' போயிற்று, 'சமரச' தங்கிவிட்டது.

வடக்கில் இது வேறு பாதை. ஜெய்சங்கர் பிரசாத்தின் 1936-ஆம் ஆண்டுக் காமாயனி, காஷ்மீர சைவத்தின் சமரசத்தை இந்திக் காவியமாக்கியது. தெலுங்கில் சாமரஸ்யம் என்றால் இன்றும் நல்லிணக்கம்தான். தமிழிலும் கொஞ்ச காலம் முன்புவரை சமத்துவம் என்ற பொருள் தெளிவாகவே இருந்தது. 1956-இல் வந்த 'ரம்பையின் காதல்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய சுடுகாட்டுப் பாட்டில் சமரசம் என்பது ஆண்டியும் அரசனும் ஒன்றாகிப்போவது. பேரம் பேசி முடிப்பது என்ற பொருள் எங்கிருந்து ஒட்டியது? என் ஊகம் இது. உடன்படிக்கைப் பத்திரத்துக்குக் கோர்ட்டு கச்சேரியில் வழங்கிய சொல் ராஜிநாமா. அது மெல்ல நகர்ந்து வேலையை விட்டு விலகுவதற்குப் பெயராகிவிட்டது. காலியான இடத்தில் சமரசம் வந்து உட்கார்ந்தது.

நீதிமன்றத்தில் அது இருக்கட்டும். நல்ல காரியத்துக்குத்தான் பயன்படுகிறது. ஆனால் தாயுமானவரையும் வள்ளலாரையும் படிக்கும்போது, 'எல்லா மதத்தோடும் அனுசரித்துப் போகச் சொன்னார்கள்' என்று மேடையில் சொல்கிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். அவர்கள் யாரோடும் அனுசரித்துப் போனவர்கள் அல்லர்.