குதிரை போன பாதையில் சைக்கிள்

மவுண்டன் பைக் ரூட்டுகளுக்கு ஒரு கையேடு தொகுக்கிறதுன்னா என்ன வேலை? நாலு பாதையில் ஓட்டிப் பார்த்து, தூரம், ஏற்றம், இறக்கம், டீ எங்கே கிடைக்கும்னு எழுதணும். இங்கிலாந்தில் இது பாதி வேலைதாங்க. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிற பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நானும் ரெண்டு நண்பர்களும் இப்படி ஒண்ணு தொகுத்துக்கிட்டிருக்கோம். ஒவ்வொரு பாதைக்கும் முதல் கேள்வி: இதில் சைக்கிள் போக உரிமை இருக்கா?

பதில் பழைய கணக்குல இருக்கு. 1949-ல் வந்த ஒரு சட்டம், ஊருக்குள் இருக்கிற பொதுப் பாதைகளை எல்லாம் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. நடந்து மட்டும் போறது ஒரு வகை, குதிரையும் போகலாம்கிறது இன்னொரு வகை. ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் பச்சைக் கோடு சின்னச் சின்னதா விட்டு விட்டுப் போனா நடைப்பாதை, நீளநீளமாப் போனா குதிரைப்பாதை.

1968-ல் இன்னொரு சட்டம் வந்து, குதிரைப்பாதையில் சைக்கிளும் போகலாம்னு சொல்லிச்சு. நடக்கிறவங்களுக்கும் குதிரைக்கும் வழி விடணும், அவ்வளவுதான். வேடிக்கை என்னன்னா, அப்போ மவுண்டன் பைக்னு ஒரு வண்டியே கிடையாது. கலிபோர்னியாவில் அது உருவானது 1970-களில்தான். வண்டிக்கு முன்னாடியே உரிமை வந்துடுச்சு :-)

ஆக, எங்க ரூட்டெல்லாம் குதிரைங்க போட்டுக் கொடுத்தது. கட் கேட்னு ஒரு பாதை, இந்தப் பக்கத்து சைக்கிள்காரங்களுக்கு உயிர். டெர்வென்ட் பள்ளத்தாக்கு விவசாயிங்க பெனிஸ்டோன் சந்தைக்குப் போன வழி அது. அதன் தெற்கு முனையில் ஒரு கல் பாலம் இருக்கு. சுமைக்குதிரைங்க போன பாலம். முதலில் அது டெர்வென்ட் கிராமத்தில் இருந்தது. லேடிபவர் நீர்த்தேக்கத்தில் கிராமம் முழுகப் போகுதுன்னு தெரிஞ்சு, கல் கல்லாப் பிரிச்சு வெச்சாங்க. 1959-ல் இப்போ இருக்கிற இடத்தில் திரும்பக் கட்டினாங்க. ஊர் போச்சு, பாலம் பிழைச்சுது.

எல்லாப் பாதைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கணக்கெடுத்தது அந்தந்த ஊர் மன்றங்கள். ஒரு ஊர் குதிரைப்பாதைன்னு எழுதினதை, பக்கத்து ஊர் நடைப்பாதைன்னு எழுதிடுச்சு. அதனால ஊர் எல்லை வந்ததும், நடுக்காட்டில் உரிமை முடிஞ்சுடும். பாதை என்னவோ அதே பாதைதான்!

வரைபடத்தில் ஏறாமலே விட்டுப்போன பழம்பாதைகளும் நிறைய. 2000-ல் வந்த சட்டம் அதுகளுக்கு 2026 ஜனவரி 1 வரை கெடு வைத்தது. 2023-ல் அது 2031-க்குத் தள்ளிப் போச்சு. 2024 டிசம்பரில், கெடுவையே எடுத்துடப் போறதா அரசு அறிவிச்சது. கெடு இருந்தாலும் இல்லாட்டியும், சாட்சி வேணும். பழைய வரைபடம், நிலப் பங்கீட்டு ஆவணம், இப்படி எதையாவது காட்டணும்.

அதனால எங்க கையேட்டில் ஒவ்வொரு ரூட்டுக்கும் ஏற்ற இறக்கத்தோட, அந்தப் பாதையில் முன்னாடி யார் போனாங்க, எதுக்குப் போனாங்கன்னும் ரெண்டு வரி சேர்க்கிறோம். உங்க ஊர்ப் பக்கம் பழைய வண்டிப்பாதை ஏதாவது மிச்சம் இருந்தா, அது எங்கிருந்து எங்கே போச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வெச்சுடுங்க மக்களே.