லிபர்ட்டியை மூழ்கடித்தது யார்?

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்று ஒரு ஊர். நீச்சல் தெரிந்து, ஒரு முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் இருந்தால் போதும், கரையிலிருந்தே நீந்திப் போய் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல் ஒன்றைப் பார்த்துவிடலாம். படகெல்லாம் வேண்டாம். சுமார் 30 மீட்டர் போனாலே கீழே இரும்புக் கூடு தெரிய ஆரம்பிக்கும். மேல் விளிம்பு 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டர் வாக்கில். ஸ்நார்க்கலிங் செய்கிறவர் மேலே மிதந்தபடி பார்க்கிற அதே கப்பலை, ஸ்கூபா டைவிங் செய்கிறவர் கீழே இறங்கிச் சுற்றிப் பார்க்கிறார்.

இந்தக் கப்பலைப் பற்றி இணையத்தில் தேடினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: 1942ல் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்த ‘லிபர்ட்டி ஷிப்’ இது என்று. இந்த ஒரு வரிக்குள் இரண்டு தப்பு இருக்கு.

முதல் தப்பு சின்னது. ‘லிபர்ட்டி ஷிப்’ என்பது இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டித் தள்ளிய 2,700க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களின் பொதுப்பெயர். அவற்றில் முதலாவது நீரில் இறங்கியதே 1941 செப்டம்பரில்தான். நம்ம கப்பலுக்குப் பெயர்தான் லிபர்ட்டி. அது நியூஜெர்சியின் கியர்னி கப்பல் தளத்தில் 1918ல் கட்டப்பட்டது. முதல் உலகப்போரின் கடைசி மாதங்களில் பிரான்ஸுக்குக் குதிரைகளைக் கூட ஏற்றிப் போயிருக்கிறது. சுமார் 125 மீட்டர் நீளம்.

இரண்டாவது தப்புதான் முக்கியமானது. 1942 ஜனவரி 11 அன்று, ரயில்வே உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த லிபர்ட்டியை, லொம்போக் நீரிணைக்கு அருகே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கியது. அடி பலம். ஆனால் கப்பல் மூழ்கவில்லை. பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் வான் கெண்ட் என்ற டச்சுப் போர்க்கப்பலும் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வடகரையின் சிங்கராஜா துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டன. பாலி அப்போது டச்சுக்காரர்கள் கையில். வழியில் தண்ணீர் ஏற ஏற, இனி துறைமுகம் வரை தாங்காது என்று தெரிந்தது. சரக்கையாவது காப்பாற்றலாம் என்று ஜனவரி 14 அன்று துலாம்பென் கரையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள்.

ஐந்தே வாரத்தில் ஜப்பானியப் படை பாலியில் இறங்கிவிட்டது. வான் கெண்ட் அதற்குள்ளேயே பாறையில் மோதிப் போயிருந்தது. லிபர்ட்டி மட்டும் கரையில் கிடந்தது. போர் முடிந்தது, டச்சுக்காரர்கள் போனார்கள், இந்தோனேசியா என்று ஒரு நாடு பிறந்தது. இருபத்தொரு வருஷம் அது கரையிலேயேதான் இருந்தது.

அப்புறம் 1963. துலாம்பெனுக்குப் பின்னால் நிற்கிற ஆகுங் எரிமலை பிப்ரவரியில் விழித்தது, மார்ச் 17 அன்று பயங்கரமாக வெடித்தது. அந்த வருஷ வெடிப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மலைச்சரிவில் இருக்கும் பெசாகி கோயிலில், நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஏகாதச ருத்ர வழிபாட்டுக்கான காலம் அது. அந்த வெடிப்போடு வந்த நில அதிர்வில்தான் லிபர்ட்டி கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போய்ச் சாய்ந்தது.

ஆக, டார்ப்பிடோ செய்தது காயம். கப்பலை மூழ்கடித்தது மலை. தேதியைத் திருத்துவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டார்ப்பிடோ பட்ட இடத்திலேயே அது மூழ்கியிருந்தால் ஆழ்கடலுக்குப் போயிருக்கும், ஸ்நார்க்கலிங் பேச்சுக்கே இடமில்லை. இவ்வளவு ஆழம் குறைந்த இடத்தில் அது கிடப்பதற்குக் காரணம், இழுத்து வந்தவர்களின் முடிவும் 1963ன் பேரழிவும்தான்.

இன்று அந்த இரும்பில் பவளம் படர்ந்திருக்கிறது. பெரிய தலைமுட்டிக் கிளிமீன்கள் ராத்திரி அதற்குள் தூங்கி, விடியும்போது கூட்டமாகக் கிளம்புகின்றன. கரையில், வழுக்குகிற கருங்கல் கூழாங்கற்கள் மேல், ஊர்ப் பெண்கள் டைவிங் சிலிண்டர்களைத் தலையில் சுமந்து நடக்கிறார்கள். ஊரை நடுங்க வைத்த அதே மலை கடலுக்குள் தள்ளிவிட்ட கப்பல்தான் இப்போது அந்த ஊருக்குச் சோறு போடுகிறது.

போர்க்கப்பல் கதை கேட்கச் சுவாரஸ்யமாக இருக்கும், அதனால் 1942 எல்லாருக்கும் நினைவிருக்கு. ஆயிரம் பேரைக் கொண்டுபோன 1963 வெறும் அடிக்குறிப்பாகிவிட்டது. துலாம்பெனுக்குப் போகிறவர்கள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும்போது கரைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கப்பலை மூழ்கடித்தது அங்கேதான் நிற்கிறது.