செங்காவியில் தொடங்கிய நிறம்

திரையில் ஒரு நிரலைத் திறந்தால் கட்டளைச் சொற்கள் ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பவை வேறு நிறம், குறிப்புகள் மங்கல். கணினிக்கு இந்த நிறங்கள் தேவையே இல்லை. எல்லாம் நம் கண்ணுக்காக. இந்த வழக்கம் கணினியைவிட மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

எகிப்திய எழுத்தர்கள் கறுப்பு மையில் எழுதிக்கொண்டே போய், தலைப்பு வந்ததும் சிவப்புக்கு மாறினார்கள். கி.மு. 1550ஐ ஒட்டிய ஏபர்ஸ் மருத்துவச் சுருளில் அதை இன்றும் காணலாம். ஐரோப்பிய மடாலயங்களிலும் சிவப்பே தலைப்பு. அங்கே அதற்கு வழங்கிய ‘ரூப்ரிக்’ என்ற பெயரே செங்காவியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1450களில் கூட்டன்பர்க் தம் பைபிளின் முதல் சில பக்கங்களில் சிவப்பையும் அச்சிட்டுப் பார்த்தார். வேலை இரட்டித்தது. கைவிட்டு, இடத்தை மட்டும் காலியாக விட்டார். வாங்கியவர்கள் ஆள் வைத்துச் சிவப்பில் எழுதிக்கொண்டார்கள்.

கணினிக்குள் நிறம் நுழைந்தது யாரும் எதிர்பாராத வாசல்கள் வழியாக. 1983இல் இன்டெலிவிஷன் விளையாட்டுப் பெட்டிக்கு வந்த கணினி இணைப்பு, பேசிக் மொழி நிரலை நிறம் பிரித்துக் காட்டியது. இன்னொரு வாசல், அகராதி! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினியில் ஏற்றும் பணிக்காக ஐபிஎம்மின் மைக் கௌலிஷா 1985 வாக்கில் ‘லெக்ஸ்’ என்ற எடிட்டரை எழுதினார். தலைச்சொல்லும் சொற்பிறப்பும் மேற்கோளும் பின்னிக் கிடக்கும் பதிவுகளை, தட்டச்சிடும்போதே அது நிறம் பிரித்தது.

2004இல் மேக் கணினிக்கு வந்த டெக்ஸ்ட்மேட் எடிட்டர், நிறம் பிரிக்கும் விதிகளைத் தனிக் கோப்பாக வைத்தது. சப்லைம், விஎஸ் கோடு எடிட்டர்களும் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டன.

இணையப் பக்கங்களில் நிரலை நிறம் பிரிக்க, பைதான் மொழியில் எழுதிய பைக்மென்ட்ஸ் 2006இல் வந்தது. விக்கிப்பீடியா 2015 முதல் பயன்படுத்துவதும் இதைத்தான். ஆனால் அரிய மொழிக்கு யாராவது உட்கார்ந்து விதி எழுதினால்தான் நிறம் கிடைக்கும். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல் மொழியான ‘எழில்’ 2016இல் பைக்மென்ட்ஸில் இடம் பெற்றது.

எழிலுக்காக எழுதிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு வரி. எழிலில் ‘பதிப்பி’ என்பது ஒரு கட்டளை. நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனி என்பதால் ஏழு. பைதானின் வழக்கமான எழுத்து விதி அந்தக் குறிகளை எழுத்தென்றே ஏற்காது. ‘பத’ என்பதோடு சொல் அறுந்துவிடும். அதனால் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களையும் எழுத்தாகவே கொள் என்று எழுதிவிட்டார்கள். தமிழ்ச் சொற்கள் புள்ளி சிதறாமல், முழுச் சொல்லாக நிறம் பெற்றன.