செய்திச் செயலிகளில் கண்டறியப்படுதல்

செய்திச் செயலிகளில் கண்டறியப்படுதல் என்பது, ஒருவர் ஓர் உடனடிச் செய்திச் செயலியைப் பயன்படுத்துகிறார் என்பதையும், அவருடைய ஒளிப்படம், பெயர், இணைப்பில் இருக்கும் நேரம் முதலிய விவரங்களையும் பிறர் அறிந்துகொள்ள இயலும் தன்மையைக் குறிக்கும். இதனைக் கட்டுப்படுத்துவதற்குச் செயலிகள் வழங்கும் தெரிவுகள் தனியுரிமை அமைப்புகள் எனப்படுகின்றன.

இது மறையாக்கத்திலிருந்து வேறுபட்டதாகும். மறையாக்கம் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதைப் போன்றது; கண்டறியப்படுதலைக் குறைப்பது வீட்டு முகவரியைப் பிறர் அறியாமல் வைத்திருப்பதைப் போன்றது. ஒன்று இருப்பதனால் மற்றொன்றும் இருக்கும் எனக் கொள்ள இயலாது. துன்புறுத்திய துணையிடமிருந்து பிரிந்து வாழ்வோர், செய்தியாளர்களுக்குத் தகவல் தருவோர், போராட்டங்களில் பங்கேற்போர் ஆகியோருக்குச் செய்தியின் உள்ளடக்கத்தைவிடத் தாம் கண்டறியப்படுவதே பெரிய இடராக அமைவதுண்டு.

வரலாறு

1996 இல் இசுரேலில் தொடங்கப்பட்ட ஐசிகியூ, ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண்ணை வழங்கியது. இவ்வெண்ணுக்கும் தொலைபேசி எண்ணுக்கும் தொடர்பில்லை. ஐசிகியூ, யாகூ மெசஞ்சர் ஆகிய இரண்டிலும் இணைப்பில் இருந்தபடியே பிறருக்குத் தென்படாமல் இருக்கும் வசதி இருந்தது. யாகூ மெசஞ்சர் 2018 சூலையிலும், ஐசிகியூ 2024 சூனிலும் நிறுத்தப்பட்டன.

2009 இல் வெளிவந்த வாட்சப், தொலைபேசி எண்ணையே பயனரின் அடையாளமாகக் கொண்டது. இதனால் கடவுச்சொல்லோ பயனர்பெயரோ இன்றி எளிதாக இணைய முடிந்தது. தொலைபேசியின் முகவரி நூலில் உள்ள நண்பர்களும் தாமாகவே பட்டியலில் தோன்றினர். ஆயின், வங்கி, கடை, பள்ளி, பணியிடம் எனப் பல இடங்களில் கொடுக்கப்படும் அதே எண், செய்திச் செயலியில் ஒருவரைத் தேடுவதற்கான திறவுகோலாகவும் ஆயிற்று. பின்வந்த டெலிகிராமும் (2013) சிக்னலும் (2014) இம்முறையையே பின்பற்றின.

தொடர்பு கண்டறிதல்

பயனர் இசைவு அளித்தால், செயலி அவருடைய முகவரி நூலில் உள்ள எண்களை நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கி அவற்றைத் தன்னிடம் பதிவான எண்களுடன் ஒப்பிட்டு, யார் யாருக்குக் கணக்கு உள்ளது எனத் தெரிவிக்கிறது. இதனால், செயலியைப் பயன்படுத்தாத ஒருவரின் எண்ணும் அவருடைய நண்பர்களின் முகவரி நூல்கள் வழியாக நிறுவனத்தைச் சென்றடையக்கூடும்.

எண்களை அப்படியே அனுப்பாமல், கணித முறையில் சுருக்கி உருமாற்றி அனுப்புவதும் உண்டு. ஆனால் இது போதிய பாதுகாப்பு ஆகாது. எடுத்துக்காட்டாக, இந்தியச் செல்பேசி எண்கள் 10 இலக்கங்கள் கொண்டவை. 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குபவை. எனவே மொத்த வாய்ப்புகள் 400 கோடியே. இவை அனைத்தையும் கணினியைக் கொண்டு உருமாற்றி ஒப்பிட்டு, மூல எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். இக்குறையைக் கருதி, 2017 இல் சிக்னல், வழங்கியை இயக்குவோரே பார்க்க இயலாதபடி செயலியகத்தின் தனித்துப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒப்பீட்டைச் செய்யும் முறையை அறிமுகப்படுத்தியது.

எண்களைப் பெருமளவில் திரட்டுதல்

முகவரி நூலில் யாருடைய எண்ணையும் சேர்க்கலாம் என்பதால், எண்களை வரிசையாக உருவாக்கி, எவற்றுக்குக் கணக்கு உள்ளது எனச் சோதிக்க முடிகிறது. இதற்குப் பின்வருவன எடுத்துக்காட்டுகள்:

- 2019 ஆங்காங் போராட்டங்களின்போது, டெலிகிராம் குழுக்களில் இருந்தவர்களின் எண்களை இம்முறையில் அதிகாரிகள் கண்டறியக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. இதையடுத்து, தம் எண்ணைக் கொண்டு தம்மை யார் கண்டறியலாம் என்பதைப் பயனரே வரையறுக்கும் அமைப்பை டெலிகிராம் சேர்த்தது.
- 2021 ஏப்ரலில், ஏறத்தாழ 53 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் எண்களும் பிற விவரங்களும் இணையத்தில் பரவின. தொடர்புகளை இறக்கும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தி 2019 செப்டம்பருக்கு முன்னர் இவை திரட்டப்பட்டிருந்தன. இதன் தொடர்பில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்திற்கு 26.5 கோடி யூரோ தண்டம் விதித்தது.
- 2025 இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மணிக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட எண்களைச் சோதித்து, 350 கோடி வாட்சப் கணக்குகளைக் கண்டறிந்ததாக வெளியிட்டனர். 2021 இல் கசிந்த ஃபேஸ்புக் எண்களுள் ஏறத்தாழப் பாதி அப்போதும் வாட்சப்பில் பயன்பாட்டில் இருந்தன. ஆய்வாளர்கள் அறிவித்த பின்னர், சோதனைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

தனியுரிமை அமைப்புகள்

இருப்பு விவரங்கள்

கடைசியாக இணைப்பில் இருந்த நேரம், ஒருவர் எப்போது உறங்குகிறார், எப்போது விழிக்கிறார் என்பதைக்கூடப் பிறர் ஊகிக்க இடமளிக்கிறது. வாட்சப்பில் இதனை மறைக்கும் வசதி 2014 இல் பரவலாகக் கிடைத்தது; தற்போது இணைப்பில் இருப்பதை மறைக்கும் வசதி 2022 இல் அறிவிக்கப்பட்டது. தம் நேரத்தை மறைப்பவர் பிறரின் நேரத்தையும் காண இயலாது. படித்ததைக் காட்டும் நீலக் குறிகளையும் நிறுத்தலாம். எனினும் குழு உரையாடல்களில் அவை தொடர்ந்து அனுப்பப்படும். டெலிகிராமில் நேரத்தை மறைத்தால், அண்மையில், ஒரு வாரத்திற்குள், ஒரு மாதத்திற்குள் என்றவாறு தோராயமாகக் காட்டப்படும்.

தொலைபேசி எண்

டெலிகிராமில் பயனர்பெயர்கள் 2014 இல் அறிமுகமாயின. சிக்னல் 2024 பெப்ரவரியில் பயனர்பெயர்களை அறிவித்தது. சிக்னலில் எண்ணை யார் காணலாம், எண்ணைக் கொண்டு யார் கண்டறியலாம் என இரு தனித்தனி அமைப்புகள் உள்ளன. எண்ணை மறைப்பதால் மட்டும் தேடல் தடுக்கப்படுவதில்லை. இரண்டாவது அமைப்பையும் மாற்றினால்தான், பயனர்பெயரைச் சரியாக அறிந்தவர் தவிரப் பிறர் புதிதாகத் தொடர்புகொள்வது தடுக்கப்படும். இச்செயலியில் கணக்குத் தொடங்க எண் தேவை. எண்ணை ஏற்கெனவே தம் முகவரி நூலில் வைத்திருப்போருக்கு அது தெரியும்.

குழுக்களும் அழைப்புகளும்

தம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதைத் தெரிவு செய்யும் வசதியை வாட்சப் 2019 இல் வழங்கியது. அறியாதோரின் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதியும், அழைப்புகளை நிறுவனத்தின் வழங்கி வழியாகச் செலுத்தி ஐபி முகவரியை எதிர்முனையில் இருப்பவரிடமிருந்து மறைக்கும் வசதியும் 2023 இல் வந்தன. ஐபி முகவரியைக் கொண்டு ஒருவர் இருக்கும் ஊரைத் தோராயமாக அறிய முடியும் என்பதால் பின்னது முக்கியமானதாகும்.

வரம்புகள்

தனியுரிமை அமைப்புகள் பிற பயனர்களிடமிருந்தே விவரங்களை மறைக்கின்றன, நிறுவனத்திடமிருந்து அல்ல. அவை மாற்றப்படுவதற்கு முன்னரே திரட்டப்பட்ட விவரங்களையும் அழிக்க இயலாது. ஒரே ஒளிப்படத்தையோ ஒரே பயனர்பெயரையோ பல தளங்களில் பயன்படுத்துவோரை, எண்ணை அறியாமலேயே இனங்காணலாம். திரையைப் படம்பிடித்துப் பகிர்வோரையும் எந்த அமைப்பும் முழுமையாகத் தடுக்காது. கைவிடப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் பிற்பாடு வேறொருவருக்கு வழங்குவதால், எண்ணை மாற்றுவோர் பழைய கணக்கை நீக்குவது அல்லது புதிய எண்ணுக்கு மாற்றுவது தேவையாகிறது.

ஒருவருடைய தொலைபேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவர் உடன் வாழ்பவராயின் இவ்வமைப்புகள் பயன்தரா. அந்நிலையில் கணக்குடன் இணைக்கப்பட்டுள்ள பிற கருவிகளின் பட்டியலைப் பார்த்து, அறியாத கருவிகளை நீக்குவதே முதற்படியாகும்.

சட்டமும் தடங்காணலும்

2017 ஆகத்து 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. சமூக ஊடகக் கணக்குகளை அரசு அடையாள எண்ணுடன் இணைக்கக் கோரி 2018 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, செய்தியை முதலில் அனுப்பியவரைத் தடங்காணுதல் பற்றியதாக விரிவடைந்து, 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. 2021 இல் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் உரிய ஆணையின்பேரில் முதல் அனுப்புநரை இனங்காட்ட வேண்டும் என்றன. இதனை எதிர்த்து வாட்சப் அதே ஆண்டு தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

ஆணை வரும்போது நிறுவனம் எதனைத் தர இயலும் என்பது, அது எதனைச் சேமித்துள்ளது என்பதைப் பொறுத்தது. 2016 இல் அமெரிக்காவில் வந்த ஆணைக்குச் சிக்னல், கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அளித்தது. டெலிகிராம், முறையான ஆணைகளின்பேரில் எண்ணையும் ஐபி முகவரியையும் வழங்கலாம் எனத் தன் கொள்கையை 2024 செப்டம்பரில் மாற்றியமைத்தது.

இவற்றையும் பார்க்கவும்

- தனியுரிமை
- மறையாக்கம்
- உடனடிச் செய்தியிடல்
- ஐபி முகவரி